தந்தையின் முதலெழுத்து

தந்தையை இழந்த மகளிரின் துயரைக் கூறும் பழந்தமிழ்ப் பாடல்களுள் தலைசிறந்தது புறநானூற்றின் 112ஆம் பாடலாகும். பறம்பு மலையின் தலைவனாகிய பாரி மூவேந்தரால் மாண்டபின், அவனுடைய மகளிர் நிலவு நாளொன்றை நினைந்து இரங்கிய பாடல் அது. தந்தையையும் மலையையும் ஒருங்கே இழந்தமையே அவர்தம் துயரம். அந்தத் துயருக்கும் ஒரு செல்வம் இருந்தது என்பதை மறத்தலாகாது. இழப்பதற்கு அவர்களிடம் ஒரு மலை இருந்தது. தந்தையின் புகழைப் பாடக் கபிலர் இருந்தார்.

மலையைத் தன் கையால் வளர்த்தும் அம்மலையில் ஓரடி நிலமும் தனதென்று சொல்ல இயலாத ஒரு தந்தைக்கு அவர் மகள் எவ்வாறு அஞ்சலி செலுத்துவாள்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குச் செல்லுதல் வேண்டும். நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒரு காலத்தில் ஒடுங்கிய இருப்புப்பாதை இருந்தது. 1940களில் அது மறைந்தது. அந்தப் பாதையில் இறங்கிப்போன தேயிலைப் பெட்டிகளுக்குக் கணக்கு இருந்தது. அவற்றை நிரப்பிய மனிதர்களின் கணக்கோ செக்ரோல் புத்தகத்தோடு முடிந்துவிட்டது.

ராகலைத் தோட்டமொன்றின் லயத்தில் 1962இல் பிறந்து, பிற்காலத்தில் ஆசிரியையான ஒரு பெண்ணின் தந்தையார் அத்தகைய மனிதருள் ஒருவர். அவர் 1937இல் அதே தோட்டத்திற் பிறந்தவர். அவர்தம் தந்தை திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர். தந்தையாரின் தொழில் கவ்வாத்து வெட்டுதல். விடியற்காலையில் பிரட்டுக் களத்திற்குச் சென்று, கத்தியைத் தீட்டிக்கொண்டு மலை ஏறுவார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இலையின்றி வெட்டிவிட வேண்டும். வெட்டிய மலை பட்டுப்போனது போலத் தோன்றும். மாதங்கள் கழிந்த பின்னரே புதுக்கொழுந்து அரும்பும். அதனைக் கிள்ளிக் கூடையில் இடுவது வேறொருவரின் கை. வெட்டிய கைக்கு மிஞ்சுவது தழும்பு மட்டுமே.

தோட்டத்து வழக்கில் ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். வேலை நிறைந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பெயர் என்னும் சொல் பிற இடங்களில் ஒருவனின் அடையாளத்தைக் குறிக்க, இங்கு அது அவனுடைய ஒரு நாள் உழைப்பைக் குறித்தது. இச்சொல்லின் இரு பொருள்களுக்கும் இடையிலேயே அத்தந்தையாரின் வாழ்வு முழுவதும் கழிந்தது எனலாம்.

அவ்வாழ்வை விளங்கிக்கொள்ளச் சட்டத்தின் பக்கமும் சிறிது நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வம்சாவழிப் பிரசாவுரிமையைத் தந்தை வழியிலேயே அமைத்தது. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தையும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பிறந்த பிள்ளைக்கோ, தந்தை பிரசையாக இருந்தாலன்றி உரிமை இல்லை. தாய் எங்குப் பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே பதிவு பெற்றனர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று.

இவ்வாறு, தந்தையின் பிறப்பே மகளின் நாட்டைத் தீர்மானித்தது. ராகலையிற் பிறந்த தந்தைக்கு நாடில்லை. ஆதலின் ராகலையிற் பிறந்த மகளுக்கும் நாடில்லை. இந்நிலையை அத்தந்தையார் நன்கு அறிந்திருந்தார். சட்டத்தின் இலக்கம் அவருக்குத் தெரியாது. ஆயினும் பிள்ளையின் வாழ்வு தம்முடைய கடதாசிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். எனவே தகரப் பெட்டி ஒன்றில் பழைய விண்ணப்பத்தின் பிரதி, நிராகரித்து வந்த கடிதம், பிறப்புச் சான்றிதழ், பற்றுச்சீட்டுகள் யாவற்றையும் வைத்துக் காத்தார். மழைக்காலத்தில் கூரை ஒழுகும்போது முதலில் இடம் மாறுவது அந்தப் பெட்டிதான். அரிசிச் சாக்கு அதன் பின்னர்.

1974ஆம் ஆண்டுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டிய காலத்தில் அம்மகளுக்குப் பன்னிரண்டு வயது. பதினான்கு வயதானதும் அயலார் கூறியது ஒன்றே: பெண்ணைக் கொழுந்துக்கு அனுப்பினால் வீட்டுக்கு ஒரு பேர் கூடும். தாயார் கூட அதற்கு உடன்பட்டிருந்தார். பசி கண்ட எந்தத் தாயும் அவ்வாறே நினைப்பாள். தந்தையார் வாதாடவில்லை. மறுநாள் முதல், மாலை வேளைகளில் கடை வீதியில் மரக்கறி மூட்டை ஏற்றச் சென்றார். அந்த ஒரு பேரை அவரே ஈடுசெய்தார். மகள் பாடசாலைக்குச் சென்றாள்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் தறுவாயில் வேறொரு தடை தோன்றியது. பதிவேட்டில் மகளின் முதலெழுத்துத் தவறாக எழுதப்பட்டிருந்தது. அதனைத் திருத்துவதற்குத் தந்தையார் இரண்டு நாள் அலைந்தார். "ஓர் எழுத்துத்தானே, போகட்டும்" என்றார் எழுதுவினைஞர் ஒருவர். "அந்த எழுத்து ஒண்ணுதானுங்க அய்யா, புள்ளைக்கு நான் குடுக்கிறது" என்று விடை வந்தது. ஒரு பெயரைத் திருத்துவதற்காக இரண்டு பேரை இழந்து அவர் வீடு திரும்பினார். அக்கிழமைச் சமையலில் அந்த இழப்புத் தெரிந்தது என மகள் பின்னாளிற் கூறுவார்.

1988ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே அக்குடும்பம் பிரசாவுரிமை பெற்றது. மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அதன் பின்னரே ஆசிரிய நியமனமும் கைகூடியது. முதற் சம்பளத்தில் மகள் வாங்கித் தந்த கம்பளிச் சட்டையைத் தந்தையார் மலைக்கு அணிந்து செல்லவில்லை. தகரப் பெட்டியின் மேல் மடித்து வைத்தார்.

1994இல், தொழிலில் இருக்கும்போதே, ஐம்பத்தேழு வயதில் அவர் காலமானார். தப்பு ஒலித்தது, லயத்துப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தனர், தேயிலை மலையின் ஓரத்து இடுகாட்டில் அடக்கம் நடந்தது. இறுதிக் கடன் மகனுக்குரியது என்பது ஊர் வழக்கம். வள்ளுவரும் 'மக்கட்பேறு' அதிகாரத்தில் தந்தைக்குக் கைம்மாறு செய்யும் கடமையை மகன்மேல் வைத்தே கூறினார். மகளுக்குரிய கடமை எதுவென்று சொல்வார் இல்லை. ராகலை மகளுக்கோ அது தானாகவே வந்து வாய்த்தது.

ஊழியர் சேமலாப நிதியைத் தாயார் பெறவேண்டியிருந்தது. அதற்குரிய பத்திரங்களைப் பார்த்தபோது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், தோட்டப் பதிவில் வேறொரு பெயரும், அடையாள அட்டையில் மூன்றாவது பெயரும் இருந்தன. காதில் விழுந்ததை எழுதுவோர் எழுதிய விதத்தில், ஒரே மனிதர் மூவராகி நின்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மலையிலே கவ்வாத்து வெட்டியவர் எவர் என்பதை இனி நிறுவுதல் வேண்டும். அதற்குரியது ஒரு சத்தியக் கடதாசி.

மகளே அதனை எழுதினார். ஒப்பாரியில் ஒரு தந்தையைத் தங்கமென்றும் தேரென்றும் கூறலாம். சத்தியக் கடதாசியில் அவ்வாறு கூற இடமில்லை. பிறந்த திகதி, பெற்றோர், தோட்டம், லயம், தொழில், மணம், மக்கள், இறந்த நாள் ஆகியன மட்டுமே அதில் அமைந்தன. முடிவில், இம்மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதி. சமாதான நீதவான் ஒப்பமிட்டார். அத்தாளின் எழுவாய் முதன்முறையாக அவராகவே இருந்தது. அதுவரை அவர் பிறருடைய பத்திரங்களில் ஒரு பத்தியை நிரப்பும் சொல்லாகவே வாழ்ந்திருந்தார்.

2003இல் பிரசாவுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, தாயின் வழியாகவும் பிள்ளை உரிமை பெறலாம் என்றாயிற்று. வெளிநாட்டிற் பிறக்கும் பிள்ளைகள் தொடர்பில் இந்தியா 1992இலேயே அத்தகைய மாற்றத்தைச் செய்திருந்தது. அது நீதியான மாற்றம். மகள் அதனை மகிழ்வுடன் வரவேற்றார். தந்தை வழி ஒன்றையே நம்பியிருக்கும் நிலை பிள்ளைக்கு மட்டுமன்றித் தந்தைக்கும் சுமையே. தன் பிறப்பு தன் மகளைத் தண்டிக்கும் என்று அறிந்த ஒரு மனிதர் அச்சுமையைப் பெட்டியிலிட்டு நாற்பதாண்டு காத்ததை அவர் கண்டிருந்தார்.

சட்டம் இனி வேண்டாதபோதும் அவர் தந்தையின் முதலெழுத்தை விட்டுவிடவில்லை. திருமணத்தின் பின்னும் கையொப்பத்தில் அது முன்னின்றது. வகுப்பில் புதிய மாணவரின் பெயரைப் பதியும்போது, பெற்றோரை அருகே இருத்தி, ஒவ்வோர் எழுத்தையும் உரக்கப் படித்துக் காட்டி, சரியென்று அவர்கள் கூறிய பின்னரே அவர் எழுதுவது வழக்கம். அதனால் அன்றைய தினம் வரிசை நீளும். காத்திருக்கும் தந்தையருக்கு ஒரு பேரும் குறையலாகாது என்பதற்காக, அவ்வேலையைப் பாடசாலை முடிந்த பின், மாலையிலே வைத்துக்கொள்வார்.