இரு குப்பிகள்

நான் இக்கல்லூரியில் இரசாயனம் பயிலத் தொடங்கிய ஆண்டிலே, ஒரு நாள் மாலை அலமாரியை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் ஒப்புவிக்கப்பட்டது. குப்பிகளின் உயரத்தையே நோக்கி அவற்றை வரிசையாக நிறுத்தினேன். அவ்வாறு நிறுத்தியதில், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிஸரினும் அடுத்தடுத்து அமைந்துவிட்டன. கிளிஸரின் குப்பியின் மூடி தளர்ந்திருந்ததை நான் கவனித்திலேன்.

ஆசிரியர் வந்து பார்த்தார், கடிந்துகொள்ளவில்லை. ஓர் ஓட்டின்மேல் பெர்மாங்கனேட்டைச் சிறிது குவித்து, நடுவே குழி செய்து, கிளிஸரின் சில துளிகளை விட்டார். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர்ப் புகை எழுந்தது. உடனே இளஊதாச் சுவாலை சீறிப் பற்றியது. என் உடல் நடுங்கிற்று.

"ஐயா, இரண்டிலும் பிராணவாயு உண்டே, ஒன்று எரிப்பதும் மற்றொன்று எரிவதும் எதனால்?" என்று வினவினேன்.

"எத்தனை அணுக்கள் என்று எண்ணாதே, தம்பி, அவை எதனோடு பிணைந்துள்ளன என்று பார்" என்றார்.

அவ்விடையின் பொருள் நாளடைவில் விளங்கிற்று. கிளிஸரினிலுள்ள மூன்று பிராணவாயு அணுக்களும் கரியையும் ஹைட்ரஜனையுமே பற்றியுள்ளன. அவை தமக்கு வேண்டிய எலெக்ட்ரான்களை முன்னரே பெற்று அமைதியுற்றவை. பெர்மாங்கனேட்டிலோ நான்கு அணுக்களும், எலெக்ட்ரான்களைப் பெரிதும் இழந்த நிலையிலுள்ள மாங்கனீஸைச் சூழ்ந்து நிற்கின்றன. அத்தகைய பொருள் பிறவற்றினின்று எலெக்ட்ரான்களைக் கவரும். இதனையே ஆக்ஸிஜனேற்றி என்கிறோம். சர்க்கரையில் 11 பிராணவாயு அணுக்கள் இருந்தும் அது எரிபொருளே. பொட்டாசியம் குளோரேட்டில் இருப்பவை மூன்றே. எனினும் தீக்குச்சியின் தலையில் எரிதலை வளர்ப்பது அதுவே.

இக்கருத்தையொட்டி அறிஞர் ஒரு விதி வகுத்துள்ளனர். கரிச் சேர்மமொன்றில் பிராணவாயு, புளூரின், குளோரின் ஆகியன இல்லையேல், அல்லது இருந்தும் கரியோடும் ஹைட்ரஜனோடும் மட்டுமே பிணைந்திருப்பின், அதனைப் பரிசோதியாமலே ஆக்ஸிஜனேற்றி அன்று எனக் கொள்ளலாம். பிராணவாயு நைட்ரஜனோடோ, குளோரினோடோ, மற்றொரு பிராணவாயுவோடோ பிணைந்திருப்பின் ஐயுறவேண்டும். கனிமச் சேர்மங்களுக்கோ, பிராணவாயுவும் ஹாலஜன்களும் அறவே இல்லாவிடத்துத்தான் இவ்விலக்கு உண்டு.

ஆயினும் ஐயம் தீர்ப்பாகாது. சுண்ணாம்புக் கல்லிலும் பிராணவாயு உண்டு. அது தீயை வளர்ப்பதில்லை. ஆதலின் ஐயத்திற்குரிய திடப்பொருளைச் செல்லுலோஸ் தூளுடன் கலந்து கொளுத்தி, எரியும் வேகத்தை அளந்தே முடிவு செய்கின்றனர். விலக்குப் பெற்ற பொருள் தீங்கற்றது என்றும் எண்ணலாகாது. அன்று என்னை நடுங்கச் செய்த சுவாலைக்கு இரையாய் நின்றது கிளிஸரின் அன்றோ?

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள், லெபனான் நாட்டுப் பெய்ரூத் துறைமுகத்தில், ஆண்டுகள் பல கிடங்கிலே கிடந்த அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்தது. அங்கு வைக்கப்பட்டிருந்த அளவு ஏறக்குறைய 2,750 டன். மாண்டோர் 200-க்கும் மேற்பட்டவர். வயலுக்கு உரமாகும் அவ்வுப்பின் அமைப்பை எழுதிப் பார்ப்பின், நைட்ரேட்டுப் பகுதியில் பிராணவாயு நைட்ரஜனோடு பிணைந்திருத்தலும், எரிதற்குரிய அம்மோனியப் பகுதி அதனருகிலேயே இருத்தலும் புலனாகும். பள்ளி மாணவரும் எழுதவல்ல அச்சூத்திரம் கூறும் எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பார் இல்லாமற் போயினர்.

இன்று அதே அலமாரிக்கு நானே பொறுப்பாளன். புதிய குப்பி எது வரினும், அதன் அமைப்பைத் தாளில் வரைந்து, பிராணவாயு எதனைப் பற்றி நிற்கிறது என்று பார்த்த பின்னரே அதற்கு இடம் குறிக்கிறேன். மாணவ நண்பர்காள்! இதற்குச் செல்லும் நேரம் சில நிமிடங்களே. உயரம் பார்த்துக் குப்பியை அடுக்கிய என் பிழையை நீங்கள் செய்யாதிருப்பீர்களாக.