பேனா நண்பருக்கு எழுத கோவையில் ஒரு விஞ்ஞானி

'உனக்குப் பிடித்த விஞ்ஞானியைப் பற்றி உன் பேனா நண்பருக்குக் கடிதம் எழுது' என்ற கேள்வி வந்தால் கலாம் ஐயாவைப் பற்றி எழுதலாம். கோவைப் பிள்ளைகளுக்கு ஜி.டி. நாயுடுவும் இருக்கிறார். அவினாசி ரோட்டில் அவருக்கு மியூசியமே உண்டு. ஆனால் இதே ஊரில் வேலை பார்த்த இன்னொரு விஞ்ஞானியின் பெயர் கடிதங்களில் அவ்வளவாக வருவதில்லை. அவர் இ.கே. ஜானகி அம்மாள்.

லாலி ரோட்டைத் தாண்டி வீரகேரளம் பக்கம் போனால் கரும்பு இனப்பெருக்க நிறுவனம். 1912-ல் தொடங்கியது. அதை ஏன் கோவையில் வைத்தார்கள்? கரும்பு இங்கே நன்றாகப் பூக்கும் என்பதுதான் காரணம். பூத்தால்தான் ஒன்றோடு ஒன்றைக் கலந்து புது ரகம் எடுக்க முடியும். தடித்த இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து 1918-ல் வந்தது கோ 205. அந்த 'கோ' நம்ம கோயமுத்தூர்தான். வடக்கே உத்தரப் பிரதேசம் வரை கரும்புக் காட்டில் இந்த ஊரின் பெயர் இன்றும் புழங்குகிறது.

தலைச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். கோவைக்கு வந்தது 1934-ல். மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து குரோமோசோம்களை எண்ணுவது அவர் வேலை. கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம், நாணலிலோ ரகத்துக்கு ஒரு கணக்கு, 40 முதல் 128 வரை. இந்தக் கணக்கு தெரியாமல் கலப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு விதைப்பது மாதிரி. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட அவர் கலந்து பார்த்தார். 1938-ல் அது 'நேச்சர்' இதழில் வந்தது.

ஊர் அவரைக் கொண்டாடியதா? கல்யாணம் செய்துகொள்ளாத பெண், பிற்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், சுற்றிலும் ஆண் அதிகாரிகள். கோவையில் அவருக்கு நிம்மதி இல்லை என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1939-ல் எடின்பரோ மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். அங்கே சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பூ. கரும்புக்கு வைத்த எண்ணைவிட அழகான மரியாதை!

நேரு அழைக்க 1951-ல் திரும்பிவந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைத்தார். அதன் தென்மண்டல மையம் 1955-ல் அமைந்ததும் இதே லாலி ரோட்டில்தான். 1977-ல் பத்மஸ்ரீ. எண்பது வயதிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத்திட்டத்தை எதிர்த்து நின்றார். 1984-ல் சென்னை மதுரவாயலில், ஆய்வுக்கூடத்தில் வேலையை விடாமலேயே காலமானார்.

பிள்ளைகள் கடிதம் எழுதும்போது ஒரு தகவல் உதவும். அம்மாளே பெரிய கடிதக்காரர். டார்லிங்டனுக்கு அவர் எழுதிய கடிதங்களை ஆக்ஸ்போர்டில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பேனா நண்பர் உத்தரப் பிரதேசத்துக்காரர் என்றால், அவங்க ஊர்க் காட்டில் எந்த 'கோ' கரும்பு நடுகிறார்கள் என்று ஒரு வரி கேட்டு எழுதச் சொல்லுங்கள்.