அண்ணனின் வண்டி ஏன் மூக்கைத் தூக்கியது?

மாலையில் வானொலியில் சாலை நிலவரம் வாசிப்பவள் நான். "கெசாஸ் நெடுஞ்சாலையில் சுபாங் ஜெயாவை நோக்கி நெரிசல், இடது தடத்தில் ஒரு வாகனம் பழுதாகி நிற்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போடுவேன். அந்த வாகனத்துக்குள் இருப்பது யார் என்று யோசித்ததே இல்லை. போன வருடம் ஒருநாள் அது என் அண்ணனாக இருந்தார்.

அண்ணன் கிள்ளானில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். டபுள் கேப் பிக்கப் வண்டி, அதன் பின்னால் ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லர். கல்யாண மாதங்களில் ஓய்வே இருக்காது. சுமை ஏறிய வண்டி பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு மாதிரிப் போகும். இரவில் எதிரே வருபவர்கள் விளக்கடித்துக் காட்டுவார்கள். "முன்னாடி ரோட் பிளாக் போல" என்று அண்ணன் வேகத்தைக் குறைப்பாராம். அவருடைய விளக்குதான் அவர்கள் கண்ணைக் கூசவைத்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்பக்கம் அமுங்காமல் இருக்க யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். டிரெய்லரின் முன்பகுதியில் இருந்த ஜெனரேட்டரைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார். வண்டி நேராக நின்றது. அண்ணனுக்குச் சந்தோஷம். செமினியில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு அண்ணியோடும் மகளோடும் திரும்பி வந்தபோது, கெசாஸில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்திருக்கிறது.

"வால் ஆடுற மாதிரி ஆடிச்சு பாப்பா. வால் நாயையே ஆட்டுச்சு" என்றார் போனில். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், எண்ணெயிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டதால் தப்பினார்கள். ஓரமாக நிறுத்திய பிறகு அண்ணி அரை மணி நேரம் பேசவில்லையாம்.

மறுநாளே அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். பின் அச்சில் காற்றுப்பை மாட்டப் போகிறேன், எது நல்லது என்று தேடிச் சொல். "நீதானே மீடியா படிச்ச." எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவருக்கு டிவி ரிப்பேரிலிருந்து வருமான வரி வரைக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் தேடியதைவிட, மேரு சாலைப் பக்கம் லோரிகளுக்கு ஸ்பிரிங் கட்டும் பெரியவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டதுதான் அதிகம். அவர் காற்றுப்பையைப் பற்றிப் பேசவே இல்லை. "மொதல்ல எடை போட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

பழைய இரும்பு வாங்கும் இடத்தின் எடை மேடையில் கட்டணம் கொடுத்து எடை போட்டோம். டிரெய்லர் சுமையோடு 1,200 கிலோ. ஜெனரேட்டர் முன்னால் இருந்தபோது கொளுவிப் பந்தின்மேல் 230 கிலோ இறங்கியது. கடைசிக்குத் தள்ளியபோது வெறும் 40. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பந்தின்மேல் இருந்தால்தான் அது ஆடாமல் பின்தொடரும். எங்களுக்கு 120 கிலோவாவது வேண்டும். அதாவது, வண்டியை நேராக்கிய அதே யோசனைதான் டிரெய்லரை ஆட வைத்தது.

230 கிலோவும் லேசான விஷயமில்லை. பந்து பின் அச்சிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வெளியே இருக்கிறது. சீசாப் பலகை மாதிரி, பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். கணக்குப் போட்டால் முன் சக்கரங்களிலிருந்து 90 கிலோ குறைகிறது. ஸ்டியரிங்கைத் திருப்புவதும், பிரேக்கில் பெரும்பகுதியைத் தாங்குவதும் அந்தச் சக்கரங்கள்தான். அண்ணனின் "ஸ்டியரிங் லேசா இருக்கு" என்ற பெருமையின் அர்த்தம் இதுதான்.

ஜெனரேட்டரை டிரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக் கட்டினோம். பந்தில் 130 கிலோ. அப்படியும் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது, வண்டிக்குள்ளேயே கூடார இரும்பும் நாற்காலிகளும் இருப்பதால். அப்போதுதான் பெரியவர் ஸ்பிரிங் பேச்சுக்கு வந்தார்.

பிக்கப்பின் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங், இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வில். அதற்குத் துணையாக மூன்று வழிகள் உண்டு. காற்றுப்பையில் சுமைக்கு ஏற்ப காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். வாரத்தில் ஒருநாள் மட்டும் படகு இழுப்பவருக்கு அது வசதி. ரப்பர் கட்டை, சுமை ஏறி வண்டி இறங்கும்போது மட்டும் தாங்கும், காற்றடிக்கும் வேலை இல்லை. மூன்றாவது, பழைய லோரிக்காரர் வழி: கூடுதலாக ஒரு பட்டை.

"இங்க பாரும்மா" என்று ஒரு நீள ஸ்கேலை எடுத்தார். லீஃப் ஸ்பிரிங் சேசிஸை முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் பிடித்திருக்கிறது, சுமை பிரிந்து போகிறது. காற்றுப்பையும் ரப்பரும் அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கின்றன. ஸ்கேலின் நடுவில் விரலை வைத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அழுத்தினார். வளைந்தது. ஆஸ்திரேலியாவில் அளவுக்கு மீறி ஏற்றிய டபுள் கேப் வண்டிகளின் சேசிஸ் இப்படி வளைந்த படங்களை நானே பார்த்திருந்தேன். காற்றுப்பை மோசமான பொருள் அல்ல. அமுங்குவதை மறைத்துவிடும், ஆனால் வண்டி தாங்கும் எடையைக் கூட்டாது. கையேட்டில் உள்ள எண் அப்படியேதான் இருக்கும்.

அண்ணனின் வண்டி வாரத்தில் ஆறு நாள் சுமையோடுதான் ஓடுகிறது. ஆகவே பட்டை. சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார்கள். காற்றுப்பைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. முன்விளக்குகளையும் சரிபார்த்தார்கள்.

பணத்தைவிட அண்ணனுக்கு வலித்தது வேறு. எடைக் கணக்குப்படி அறுபது நாற்காலிகள் வண்டியில் ஏறக்கூடாது. இரண்டாவது நடை போக வேண்டும், எண்ணெய்ச் செலவு, டோல், நேரம். "ஒரே நடையில முடிச்சிருவேன்னுதானே ஆளுங்க என்னைக் கூப்பிடுறாங்க" என்றார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் நாற்காலிகளை இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி காலியாக இருக்கும். கூடுதல் பட்டை இருப்பதால் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். போன வாரம் சுபாங் ஜெயாவுக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். அண்ணன் மகள் கையில் கட்டுப்போட்ட மைலோ ஐஸ், பாதி அவள் சட்டையில்.

"அத்தை, இந்த வண்டி குதிரை மாதிரி போகுது" என்றாள்.

அண்ணன் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.