மகனின் மந்திரங்களும் என் பேரேடும்



சென்ற ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பு, மகன் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குச் சென்றிருந்த நேரத்தில், அவனுடைய கணினியில் இருந்த ஒரு கோப்புறையை நான் அழித்தேன். குப்பைத்தொட்டியிலும் மிஞ்சாதபடி அழித்தேன். அதன் முகப்பில் ஒரு மண்டையோட்டுப் படம் இருந்தது. உள்ளே மந்திரங்களின் பட்டியல். சிஹ்ரு, அழிவில் தள்ளும் பெரும்பாவங்களுள் ஒன்று என்று சிறுவயதில் மத்ரஸாவில் கற்றவன் நான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையின் மேசையில் அதைக் கண்டதும் நிதானம் போய்விட்டது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவன் விளையாடுவது ‘பால்டர்ஸ் கேட் 2’. பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கற்பனைக் கதை விளையாட்டு. 2013இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் வந்தது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அதற்குப் புதிய மனிதர்களையும் பொருள்களையும் மந்திரங்களையும் எழுதிச் சேர்த்தபடியே இருக்கிறார்கள். அந்தச் சேர்க்கைகளை ‘மோட்’ என்கிறார்கள். என் மகன் இருபத்து மூன்று மோட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தம்மாமில் வேலை செய்யும் என் அண்ணன் மகனோடு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றரை ஆண்டாகப் பேசி வருகிறான் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் இரு வீடுகளுக்கும் இடையே அந்த நாள்களில் நின்றுபோகாமல் இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான் என்பதும் தெரியாது.

விந்தை என்னவென்றால், நான் அழித்த பிறகும் அந்த மந்திரங்கள் விளையாட்டில் அப்படியே இருந்தன. நிறுவும்போதே அவற்றின் நகல் ‘ஓவர்ரைடு’ என்ற வேறோர் இடத்துக்குப் போய்விடுமாம். ஆக, நான் ஒழிக்க நினைத்தது ஒழியவில்லை. ஒழிந்தது வேறொன்று.

மறுநாள் இரவு, “வாப்பா, என் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?” என்று கேட்டான். ஆம் என்றேன். அவன் சத்தம் போடவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டான். என் மனைவி மட்டும், “பிள்ளையோட உழைப்பு அது. ஹராமா ஹலாலாங்கிறது பிறகு. முதல்ல அது என்னன்னு கேட்டுட்டு வாங்க” என்றாள்.

கேட்டேன். அவன் சொன்னதில் பாதி புரிந்தது. மீதி என் தொழிலால் புரிந்தது. நான் மொத்த ஜவுளிக்கடை ஒன்றில் முப்பதாண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு மந்திரமும் ஒரு கோப்பு. பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. மந்திரவாதிகளுக்கு உரியவை ‘எஸ்பிடபிள்யூஐ’ என்று தொடங்கும். அடுத்து வரும் இலக்கம் மந்திரத்தின் நிலை. கடைசி இரண்டு இலக்கங்கள் வரிசை எண். 304 என்றால் மூன்றாம் நிலையின் நான்காவது, அதாவது நெருப்புருண்டை. அந்த எண்களுக்கெல்லாம் பெயர் எழுதிய பதிவேடு ஒன்று தனியே உண்டு. விளையாட்டைச் சேமிக்கும்போது ஒரு வீரன் கற்ற மந்திரம் இந்தக் கோப்புப் பெயராகவே பதிவாகிறது. மந்திரத்தின் தலைப்பு அங்கே எழுதப்படுவதில்லை. இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் பிந்தியவர் முந்தியவரை அழித்துவிடுவார். ஒரே வவுச்சர் எண்ணில் இரண்டு ரசீது போட்டால் கடையில் என்ன நடக்குமோ அதுதான்.

என் மகன் செய்த பிழையும் அதுவே. தோழர்களை மறைக்க மணற்சுவர் எழுப்பும் மந்திரம் ஒன்றைத் தானே எழுதி, 347 காலியாக இருக்கும் என்று எண்ணிக் கையாலேயே அங்கே வைத்துவிட்டான். அது காலியாக இல்லை. வேறொரு மோடின் நஞ்சு முறிக்கும் மந்திரம் அங்கே குடியிருந்தது. நஞ்சுண்ட தோழனைக் காப்பாற்ற அதை ஏவினால் மணற்சுவர் எழுந்தது! இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

இத்தகைய மோதலைத் தவிர்க்கவே ‘வெய்டு’ என்றொரு கருவி இருக்கிறது. புதிய மந்திரத்துக்குக் காலி எண்ணை அது தேடிக் கொடுத்துப் பதிவேட்டிலும் எழுதிவிடும். பிறருடைய கோப்பை முழுவதும் மாற்றி வைக்காமல், வேண்டிய இடத்தை மட்டும் திருத்தவும் அதில் வழியுண்டு. மோடை நீக்கினால் பழையபடி ஆக்குவதற்காகக் காப்பு நகல்களையும் எடுத்து வைக்கும். மகன் அவசரத்தில் அந்தக் கருவியைப் பயன்படுத்தவில்லை. திருத்திக்கொள்ள ஒரே வழி, நஞ்சு முறிக்கும் மந்திரம் வந்த மோடை நீக்கி மறுபடி நிறுவுவது. அந்த மோடின் கோப்புறைதான் நான் அழித்தது. காப்பு நகல்களும் அதற்குள்ளேயே இருந்தன.

“மன்னிச்சிடு வாப்பா” என்று என் மகனிடம் சொன்னேன். (எங்கள் ஊரில் பிள்ளைகளையும் அப்படித்தான் அழைப்போம்.) பிறர் உரிமை பற்றி எத்தனையோ பயான்கள் கேட்டிருக்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு என்பது மட்டும் ஏனோ உறைத்ததில்லை.

இனி மொத்த விளையாட்டையும் நீக்கி, முதலிலிருந்து அடுக்க வேண்டும். வரிசை மாறினால் எண்கள் மாறும்; எண்கள் மாறினால் ஒன்றரை ஆண்டுச் சேமிப்பு குழம்பும். நல்லவேளையாக, எது எதற்குப் பின் நிறுவப்பட்டது என்ற பதிவை வெய்டு ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. அதை அச்செடுத்து, பேரேட்டைச் சரிபார்ப்பதுபோல நான் வரி வரியாக வாசித்தேன், அவன் நிறுவினான். பதினான்காம் வரியில் நின்றோம். நான் அழித்த மோடின் புதிய பதிப்புதான் இப்போது கிடைத்தது. அதில் கூடுதல் மந்திரங்கள் நடுவே புகுந்திருந்தன. அதை நிறுவினால் பின்வரும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

பழைய பதிப்பு தம்மாமில் இருந்தது. இரண்டாண்டாக நான் பேசாதிருந்த அண்ணன் வீட்டுக்கு அன்றிரவு நானே அழைத்தேன். சொத்துப் பேச்சு எதுவும் வரவில்லை. அண்ணன் மகன் சலாம் சொல்லி, “சின்ன வாப்பாவா?” என்று நம்பாமல் மறுபடியும் கேட்டான். அரை மணி நேரத்தில் கோப்பு வந்து சேர்ந்தது.

மண்டையோட்டுப் படம் இன்றும் எனக்கு உவப்பாக இல்லை. இறந்தவரை எழுப்பும் மந்திரங்களைப் பற்றி நாங்கள் இருவரும் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்பதாக இருக்கிறோம், மகனே சம்மதித்தான். மற்ற வேலை இஷாவுக்குப் பின் மூன்று இரவுகளில் முடிந்தது. மணற்சுவருக்கு வெய்டு வேறொரு காலி எண்ணைக் கொடுத்தது. பழைய சேமிப்பைத் திறந்து, நஞ்சுண்ட தோழன்மீது பழைய மந்திரத்தை ஏவினான். நஞ்சு முறிந்தது. பிறகு மணலும் எழுந்தது.

“காக்காவுக்குச் சொல்லட்டா வாப்பா?” என்றான்.

“பெரிய வாப்பா முழிச்சிருந்தா போனை எங்கிட்டயும் குடு” என்றேன்.