வரானா, வராரா?

நிகழ்கால வினை என்றால் பள்ளியில் ஓர் அட்டவணை: அவன் வருகிறான், அவள் வருகிறாள், அவர் வருகிறார், அது வருகிறது. உறுவையாற்றில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது, ஏழாவது படிக்கும் மாணவி கேட்டார்: "எங்க தாத்தாவுக்கு எது? வீட்ல வராருன்னு சொல்றோம். ஊருக்குள்ள வரான்னு சொல்றாங்களே?"

'ஆர்' முதலில் பலரைக் குறித்த விகுதி. பிறகு ஒருவரை மதித்துச் சொல்லவும் வந்தது. யாருக்கு மதிப்பு என்பதை இலக்கணம் முடிவு செய்யவில்லை, சாதி முடிவு செய்தது. அறுபது வயது விவசாயக் கூலியைப் பேரன் வயதுப் பையன் "வாடா" என்று கூப்பிட முடிகிறது. அந்தப் பையனை அவர் "வாங்க" என்றுதான் கூப்பிட வேண்டும்.

பின்லாந்து மொழியில் 'துல்லா' என்றால் வருதல். அங்கே 'ஹேன் துலே' என்றால் அவன், அவள், அவர் மூன்றுக்கும் பொருந்தும். ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்று வினை கேட்பதில்லை. அதனால் அங்கே ஒடுக்குமுறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ரோமா மக்களும் சாமி மக்களும் அங்கே ஒதுக்கப்பட்டவர்கள்தான். ஆனால் இங்கே ஒருவரைத் தாழ்த்த வசைச்சொல்கூட வேண்டாம், ஒரு விகுதி போதும்.

1922-இல் எம்.சி.ராஜா சென்னை சட்டமன்றத்தில் போராடி, இழிபெயர்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு ஏற்கச் செய்தார். பெயர்ச்சொல் மாறியது. வினைச்சொல் இன்னும் மாறவில்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வழக்குப் போடலாம். "வரான்" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுப்பது?

நமக்குள்ளும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் கணவர் "வராரு", மனைவி மட்டும் ஏன் "வரா"? சாதிக்கு எதிராகப் பேசும் வாய், அடுப்படிப் பக்கம் திரும்பியதும் விகுதியை மாற்றிக்கொள்கிறது.

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு வகுப்பில் ஒரு வழக்கம் வைத்தோம். துப்புரவுப் பணியாளர், கூலி வேலைக்குப் போகும் அம்மா, மாடு மேய்ப்பவர் யாராக இருந்தாலும் "வராங்க"தான். சாதி பார்த்து 'ஆன்' போடுபவர் எதிரில் நின்றால், அதே ஆளைப் பற்றி நாங்கள் "அவர் வரார்" என்று திருத்திச் சொல்கிறோம், சத்தமாக. சிலர் முறைக்கிறார்கள். சிலர் அடுத்த வாக்கியத்தில் மாற்றிக்கொள்கிறார்கள்.

தோழர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில், விடுதியில், கல்லூரியில் காது கொடுத்துக் கேளுங்கள். யாருக்கு 'ஆன்', யாருக்கு 'ஆர்' என்று குறித்துவையுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் ஊரின் சாதி வரைபடம் தெரியும்.