இரண்டாவது சாட்சி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிறர் எழுதிய கதையைப் படிக்கும்போது முக்கிய பாத்திரங்களை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்கிறவர்களைக் கவனிக்கத் தொடங்கிவிடுவான். பைபிளில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக் கதையை நான் அப்படித்தான் படித்தேன்.

கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 850 வருஷங்களுக்கு முன்பு இஸ்ரவேலை ஆண்டவன் ஆகாப். யெஸ்ரயேலில் அவனுடைய அரண்மனையை ஒட்டி நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதைக் கீரைக்கொல்லையாக்க ராஜாவுக்கு ஆசை. கேட்ட விதத்தில் குற்றமில்லை. வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்றுதான் கேட்டான். பிதிரார்ஜிதத்தைக் கொடுக்கமாட்டேன் என்றான் நாபோத். பரம்பரை நிலத்தை அறுதியாக விற்கக்கூடாது என்பது அந்த ஜனங்களின் சட்டம். ராஜா அரண்மனைக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்து, சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தான்.

ராணி யேசபேல் சீதோன் ராஜாவின் மகள். அவள் சிப்பாய்களை அனுப்பவில்லை; கடிதம் எழுதினாள். ராஜாவின் பெயரில் எழுதி, ராஜாவின் முத்திரையைப் போட்டு, நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். ஊரில் உபவாசம் அறிவியுங்கள்; நாபோத்தைச் சபையில் மேலான இடத்தில் உட்கார வையுங்கள்; எதிரே இரண்டு போக்கிரிகளை வைத்து, தெய்வத்தையும் ராஜாவையும் இவன் நிந்தித்தான் என்று சொல்ல வையுங்கள்; பிறகு கல்லெறிந்து கொன்றுவிடுங்கள்.

அந்தக் கடிதத்தில் எத்தனை ஒழுங்கு, பாருங்கள்! உபவாசம் பக்தியின் அடையாளம். சபையில் மேலான இடம் மரியாதையின் அடையாளம். இரண்டு சாட்சி வேண்டும் என்பது, ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு யாரையும் கொன்றுவிடக்கூடாது என்பதற்காக மோசேயின் சட்டம் வைத்த காவல். அவள் அந்தக் காவலை உடைக்கவில்லை. அதைக்கொண்டே ஆளைக் கொன்றாள்.

நான் நின்றுபோன இடம் இதற்கு அடுத்த வரி. காரியம் முடிந்ததும் பெரியவர்கள் பதில் அனுப்பினார்கள். யாருக்கு? கடிதத்தில் ராஜாவின் பெயர்தான் இருந்தது. பதிலோ ராணிக்குப் போயிற்று. ஆக, எழுதியது யார், எதற்காக எழுதினாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. முத்திரை அவர்களை ஏமாற்றவில்லை. ஏமாந்ததுபோல் இருக்க அவர்களுக்கு ஒரு முத்திரை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

எழுத்தையே நம்பி இருப்பதற்கு முன்பு நான் ஒரு காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே இருந்த பியூன் ஒருவரை மேலதிகாரிக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒரு நாள் என் மேஜைக்கு ஒரு தாள் வந்தது. பலர் முன்னிலையில் பியூன் அதிகாரியை ஏசினார் என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு சாட்சிகளுக்கு இடம். முதல் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. அவர் ஏசியதாகச் சொன்ன நாளில் நான் லீவில் இருந்தேன். ஆனால் தேதி, நம்பர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் சரியாக இருந்தன. நான் போட்டேன்.

வேலையை விட்டுப் போகிற அன்று அவர் ஒவ்வொரு மேஜையாக வந்து சொல்லிக்கொண்டார். என் மேஜைக்கும் வந்தார். "வரேன் சார்" என்றார். அந்தத் தாளை அவரிடம் காட்டியிருந்தார்கள். என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

எலியா தீர்க்கதரிசி அந்தத் தோட்டத்துக்கே போய் ஆகாபைக் கேட்டார். யேசபேலுக்கும் சாபம் விழுந்தது. ஊர்ப் பெரியவர்களை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து யெகூ என்ற தளபதி ஆட்சியைப் பிடித்தான். அவனும் சமாரியாவிலிருந்த பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினான். ஆகாபின் குமாரர் 70 பேர் அவர்கள் பொறுப்பில் வளர்ந்துவந்தார்கள். அந்த 70 பேரின் தலைகளும் கூடைகளில் யெஸ்ரயேலுக்கு வந்து சேர்ந்தன.

கடிதம் எழுதிய கை மாறிவிட்டது. வாங்கிப் படித்துக் காரியத்தை முடிக்கிற கைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.