முப்பத்திரண்டாவது பையன்

எங்கள் வாலாஜாபேட்டைக்காரர்களிடம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், இரண்டு பெருமைகளைச் சொல்லாமல் விடமாட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது எங்கள் வாலாஜா ரோடு ஸ்டேஷனில். சென்னை ராஜதானியில் முதல் முனிசிபாலிடி ஏற்பட்டதும் இங்கேதான், 1866-ல். எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பெருமை உண்டு. அவர் எங்கள் டிரில் மாஸ்டர்.

நான் படித்தது 1950-களின் நடுவில். அப்போது இது வட ஆற்காடு ஜில்லா. பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இல்லாத கிராமம் அங்கே அபூர்வம். வேலூருக்கு அருகில் உள்ள கம்மவான்பேட்டையை இன்றும் பட்டாளத்து ஊர் என்றுதான் சொல்லுகிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது இந்திய ராணுவம் 25 லட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்திருந்தது. 1945-ல் யுத்தம் முடிந்ததும் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் வாசல் காத்தார்கள். சிலர் பள்ளிக்கூடங்களுக்கு வந்து எங்களைப் போன்ற வானரங்களை மேய்த்தார்கள்.

எங்கள் மாஸ்டர் மதராஸ் ஸாப்பர்ஸ் படையில் இருந்தவர். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பதும் அந்தப் படையின் வேலை. அவர் இத்தாலி வரைக்கும் போயிருந்தார். எங்களுக்கு வேண்டியதோ ரத்தம் சொட்டுகிற கதை.

"ஸார், எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்போம்.

"வரிசையில நில்லுடா" என்பார். அவ்வளவுதான் கதை.

அவரிடம் இரண்டு விசித்திரப் பழக்கங்கள் இருந்தன. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டால், அதைத் தாண்டி ஒரு கால் வெளியே போகக்கூடாது. எங்கேயாவது வெளியே அழைத்துப் போனால், போகும்போதும் திரும்பும்போதும் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம்.

ஒரு சனிக்கிழமை பாலாற்றுக்குப் போனோம். முப்பத்திரண்டு பேர். வெயில் காலம், ஆறு முழுவதும் மணல். திரும்புகிற சமயத்தில் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. நாணல் புதர் ஒன்றுக்குப் பின்னால் மணல் பள்ளத்தில் படுத்துக்கொண்டேன். மாஸ்டர் கணக்குத் தவறி விழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அவர் எண்ணினார். முப்பத்தொன்று. மறுபடியும் எண்ணினார். பிறகு, "யாரும் இடத்தை விட்டு அசையாதீங்க!" என்று ஒரு குரல் கொடுத்தார். அப்படிப்பட்ட குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. தனியாக மணலில் இறங்கி நடந்தார். ஓடவில்லை. ஒவ்வொரு அடியையும் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார். அதைக் கண்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அருகில் வந்ததும் அவர் முகம் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

என்னைக் கண்டார். பிரம்பை ஓங்கவில்லை. என் தலை மேல் கையை வைத்தார். கை வெடவெடவென்று நடுங்கிக் கொண்டிருந்தது.

"முப்பத்திரண்டு" என்றார்.

திங்கட்கிழமை, தம் வழக்கத்துக்கு மாறாக, ஒரு கதை சொன்னார். காஞ்சிபுரத்துப் பக்கம் கீழோட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் என்பவரின் கதை. அவரும் மதராஸ் ஸாப்பர்ஸ்காரர். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி, இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடிகளை அகற்றும்போது ஒரு வெடி கிளம்பிவிட்டது. வெடிக்கச் சில விநாடிகள்தான் இருந்தன. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அவர் அதன் மேலேயே பாய்ந்து விழுந்தார். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் சிலுவை கிடைத்தது.

"நான் அந்த இடத்தில் இல்லை, கேட்டதுதான்" என்றார் மாஸ்டர். "ஆனா எங்க கம்பெனியிலேயும் காலையில ஒரு கணக்கு எடுப்பாங்க, சாயங்காலம் ஒரு கணக்கு எடுப்பாங்க. எத்தனை பேரைச் சுட்டீங்கன்னு கேக்கறீங்களே, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. இந்தக் கணக்குதான் தெரியும்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை.

பிற்பாடு நான் நாவலாசிரியன் ஆனேன். தொடர்கதை சூடு பிடிக்க வேண்டுமென்றால் அத்தியாயத்துக்கு ஒருவராகக் கொன்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை என் தலை மேல் வந்து உட்காரும். கடைசியில், மாஸ்டர் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்த காலத்தில், ஒருநாள் அவரைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. பாலாற்று மணலையும் நாணல் புதரையும் ஞாபகப்படுத்தினேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

"அப்படியா தம்பி?" என்றார். பிறகு சற்றுக் கவலையோடு கேட்டார்: "எல்லாரும் திரும்பி வந்துட்டீங்க இல்லே?"

"வந்துட்டோம் ஸார்" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது.